வீடு மனிசிட பேரில், நாய் என்ட பேரில்

எங்கட பக்கத்தில் ஒருத்தர் ஆடு வளர்த்தால் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்ன விலை என்று கேட்பாங்க. கோழி வளர்த்தால் முட்டை கேட்பாங்க. பூனை வளர்த்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டாங்க. நாய் வளர்த்தால் மட்டும் விளக்கம் கேட்பாங்க. மீன் சந்தையில், சலூனில், கலியாண வீட்டில், தொழுதுட்டு வெளியே வந்து செருப்புத் தேடுற நேரத்தில் என்று எங்கேயும் அந்தக் கேள்வி வரும்: "நாய் வச்சிருக்கீங்களாமே, மெய்யா?" கேட்கிற தொனியில் பாதி அக்கறை, பாதி விசாரணை.

இந்தப் பதிவுதான் அந்த விளக்கம். ஒருக்கா முழுசா எழுதி வச்சிட்டால், இனிக் கேட்கிறவங்களுக்கு லிங்கை அனுப்பிட்டு நான் மீனை வாங்கிக்கொண்டு வீடு வரலாம்.

முதலில் வீடு எங்க இருக்கு என்று சொல்ல வேணும். அது தெரியாமல் நாய்க் கதை விளங்காது. ஊர் சாய்ந்தமருது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவால் ஏ4 வீதி. கடலுக்கும் வயலுக்கும் இடையில் கிடக்கிற ஒடுங்கின நிலத்தில்தான் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் வரிசையாக இருக்கு. ஒரு ஊர் முஸ்லிம், அடுத்த ஊர் தமிழ், மறுகா முஸ்லிம். பஸ்ஸில் போற வெளியூர்க்காரருக்கு எங்க ஒரு ஊர் முடிஞ்சு எங்க அடுத்தது தொடங்குது என்று விளங்காது. எங்களுக்கு மதில் கணக்கில் தெரியும்.

வீதிக்குக் கிழக்கால, கடற்கரைப் பக்கம், மதிலோட மதில் ஒட்டின வீடுகள். ஒரு வீட்டில் மிக்சர் போட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளை தூக்கத்தில் எழும்பும். அந்தப் பக்கம் நாய் வளர்க்கிற கதையே இல்லை. நாய் படுக்கிற அளவுக்கு மண் தரையே குறைவு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலை விட்டு மேற்கே வந்தவங்க நிறையப் பேர். இலங்கையில் ஆகக் கூடுதலாக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அதுக்குப் பிறகு கட்டின வீட்டுத்திட்டங்களின் பேரைப் பார்த்தாலே அந்தக் காலம் தெரியும். சாய்ந்தமருதில் வெனிசுவேலா உதவியில் வந்தது பொலிவேரியன் கிராமம். மருதமுனையில் ஒன்றுக்கு இன்றைக்கும் பேர் '65 மீற்றர்' வீட்டுத்திட்டம், கடற்கரையிலிருந்து எத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற அந்தக் கணக்கில்தான். திட்டத்தில் கிடைக்காதவங்க சொந்தமாக வயல் ஓரத்தில் காணி வாங்கி, மண் அடிச்சு நிரப்பி, வீடு கட்டினாங்க. எங்கட வீடும் அப்படித்தான். முன்னால் கொங்கிறீட் ஒழுங்கை, பின்னால் கரைவாகு வட்டை. பின் மதிலில் ஏறி நின்றால் பார்வை முடியுமட்டும் வேளாண்மை.

"எங்கட வீடு" என்று எழுதிட்டேன். சட்டப்படி அது என்ட மனிசிட வீடு.

வெளியூர் வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன். அம்பாறை, மட்டக்களப்புக் கரையில் தமிழரோ முஸ்லிமோ, கலியாணம் முடிச்சால் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போறது. வீடும் வளவும் மகளுக்கு. குடி என்கிற பரம்பரைக் கணக்கும் தாய்வழியில்தான் போகும். ஒரு காலத்தில் பள்ளிவாசல் மரைக்கார்மாரையே குடிவாரியாகத்தான் வச்சாங்க. டெனிஸ் மெக்கில்வ்ரே என்கிற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வந்திருந்து இதையெல்லாம் ஆராய்ந்து, 2008இல் ஒரு தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். புத்தகம் வாசிக்க நேரமில்லாதவங்க எங்கட ஊர் மொட்டை மாடிகளைப் பார்த்தால் போதும். கீழ் வீடு முடிஞ்சு வெள்ளையும் அடிச்சிருக்கும்; மேலே தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த வீட்டில் ரெண்டாவது மகள் இருக்கிறாள் என்று அர்த்தம்.

நான் மருதமுனைக்காரன். கலியாணம் முடிச்சு வரும்போது என்னிடம் ஒரு சூட்கேசும், உம்மா மடிச்சுத் தந்த ஊர்க் கைத்தறிச் சாரன் கொஞ்சமும்தான். காணி உறுதி மனிசிட பேரில். தண்ணி பில் மாமிட பேரில். கரண்ட் பில் மௌத்தான மாமாட பேரில். மாத்தணும் என்று வருஷக்கணக்கில் பேசிக்கொண்டு இருக்கிறோம். கிழக்குக் கரையில் ஒரு மருமகனுக்கு இதில் மானக்கேடு ஒன்றுமில்லை. என்ட உம்மாட வீடும் என்ட தங்கச்சிக்குத்தான் போனது.

இனி நாய்.

டொமி வட்டையிலிருந்து வந்தவன். எங்கட ஆக்கள் நாயோட பழக்கமில்லாதவங்க என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கு. வீட்டுக்குள்ள பழக்கமில்லை, அது சரி. வட்டைக்குள்ள நாய் எப்பவும் இருந்தது. விதைச்ச நாளிலிருந்து சூடு அடிச்சு முடியும் வரைக்கும் வாடியில் காவல் இருக்கிறவருக்குப் பன்றி, மாடு, ஆனை எல்லாத்துக்கும் முன்னறிவித்தல் தருவது நாய்தான். வயல் சொந்தக்காரப் போடியார்மார் காலத்தில் வயலுக்குப் போன சோத்துப் பொதியில் நாய்க்கும் ஒரு பங்கு இருந்தது. இப்ப அறுவடை மெசின் இறங்கினால் காலையில் வேளாண்மை நின்ற வயல் பின்னேரம் வெட்டை. காவல்காரர் வாடியைப் பிரிச்சுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டு போயிடுவார். நாய்க்கு அந்தச் சைக்கிளில் இடமிருக்காது.

அப்படி ஒரு பெரும்போகம் அறுத்து முடிஞ்ச காலத்தில், விலா எலும்பு எண்ணலாம் என்கிற கோலத்தில், இவன் எங்கட பின் மதிலுக்கு வெளியே வந்து படுத்தான். குரைக்கவும் இல்லை, உள்ளுக்கு வரவும் இல்லை. என்ட பிள்ளைகள் மதிலுக்கு மேலால மலிபன் பிஸ்கட் எறிஞ்சாங்க. பிஸ்கட் பக்கெட் வேகமாக முடியுதே என்று மனிசி விசாரிக்கத் தொடங்கினதில்தான் விஷயம் வெளியே வந்தது.

நான் பயந்தது மாமிக்கு. ஐந்து நேரத் தொழுகையோட தஹஜ்ஜத்தும் விடாத மனுஷி. கேட்டுட்டு, வெற்றிலையை மென்று முடிச்சுட்டுச் சொன்னா: "மருமகன், அதை உள்ளுக்கு எடுக்காதீங்க. கல்லெறியவும் விடாதீங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கஹ்ஃபு ஓதுறோமே, குகைக்குள்ள போன வாலிபன்மாரோட வாசலில் படுத்தது என்ன, பூனையா?"

அதோட வீட்டுச் சட்டம் எழுதியாச்சு. குகை வாசிகளின் நாய் வாசலில் முன்னங்கால் நீட்டிப் படுத்துக் கிடந்ததாகக் குர்ஆன் சொல்லுது. அதனால் டொமிட எல்லையும் வாசல். பின்பக்கம் மதிலுக்கு வெளியே, மாங்கொப்பு நிழலில், பழைய தகரத்தால ஒரு சாய்ப்பு. அவனுக்கென்று ஒரு சட்டி, ஒரு தண்ணிக் கோப்பை, அந்த இடத்தைக் கூட்ட ஒரு தனித் தும்புத்தடி.

மார்க்கச் சட்டத்தை விளங்கின ஒரு மௌலவியிடமும் நான் விபரமாகக் கேட்டேன். எங்கட கரையில் நாங்க ஷாபிஈ மத்ஹபு. இந்த மத்ஹபில் நாயின் எச்சிலும் ஈரமும் கடும் நஜீஸ். பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேணும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணியால். மண்ணுக்குப் பதிலாகச் சவர்க்காரம் காணாது என்பதுதான் பலமான கருத்து. ரெண்டு பக்கமும் காய்ஞ்சிருந்தால், தொட்டாலும் கழுவத் தேவையில்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாது. மாலிக்கி மத்ஹபில் நாயே சுத்தமான பிராணி என்ற கருத்து. மொரோக்கோவில் ஒரு விவசாயிக்கு இந்த வாளி வேலை இல்லை. வேட்டை, மந்தை, பயிர் இவற்றின் காவலுக்குத் தவிர நாய் வச்சிருந்தால் நன்மை குறையும் என்ற ஹதீஸை எல்லாரும் சொல்லுவாங்க. வீட்டுக் காவலையும் அதோட சேர்த்து அனுமதிக்கிறதுதான் சரியான கருத்து என்று இமாம் நவவி எழுதினதை யாரும் சொல்ல மாட்டாங்க. நாய் தாகத்தில் மண்ணை நக்கினதைப் பார்த்து, கிணத்தில் இறங்கிச் சப்பாத்தில் தண்ணி மொண்டு கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸ் எங்கட மதுரசாப் பாடத்திலேயே இருக்கு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திப் பக்தாதில் இப்னுல் மர்ஸுபான் என்கிற ஒரு எழுத்தாளர், உடுப்பு உடுத்த பல பேரை விட நாய் மேல் என்று தலைப்பு வச்சு ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவர் யாரிடம் என்ன பட்டாரோ!

சட்டம் வாசிக்க லேசு. நடைமுறை மாரியில்தான் தெரியும். ஒக்டோபரிலிருந்து தை மாதம் வரைக்கும் இங்க மழை. வளவு சதசதவென்று கிடக்கும், நாயும் ஈரம், மனுஷனும் ஈரம். சின்ன மகள் ஸ்கூலுக்கு வெளிக்கிட்டு வெள்ளை உடுப்போட நிற்கும்போதுதான் டொமிக்கு அவள்ட கையை மோந்து பார்க்கத் தோணும். பின்பக்கத்துக் குழாயடியில், மூடி போட்ட பழைய மார்ஜரின் டப்பாவில் சுத்தமான மண் எப்பவும் இருக்கும். ஒரு பிடி மண்ணை வாளித் தண்ணியில் கரைச்சு முதல் கழுவல். பிளேன்டீ நிறத்தில் தண்ணி ஓடும். பிறகு வெறும் தண்ணியால் ஆறு தரம். மாமி விறாந்தையில் இருந்து எண்ணுவா, மகளும் எண்ணுவாள். ரெண்டு பேர்ட எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் குறைஞ்ச கணக்கைத்தான் எடுக்க வேணும், அதுவும் ஃபிக்ஹுதான். ஸ்கூல் வேன்காரர் ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடிச்சுக்கொண்டே இருப்பார். இந்தத் தொல்லை வேணுமா என்று மனிசி கேட்பா. கேட்டுட்டு, முதல் நாள் சோறு மிஞ்சினதை மீன் தலையோட பிசைஞ்சு கொண்டு போய் அந்தச் சட்டியில் தட்டுவதும் அவதான்.

அவன்ட சாப்பாடு எங்கட அடுப்படியைப் பொறுத்தது. கரைவலை நல்லா விழுந்த நாளில் சூடை மலிவு; அவனுக்கும் பெருநாள். கடல் கொந்தளிக்கிற மாரியில் சோறும் ஆணத்துத் தண்ணியும்தான். நோன்பு மாசத்தில் முந்தி அவன்ட நேரமும் மாறிடும். பகலில் சட்டி காலி, சஹர் நேரத்தில் ஒரு பிடி, தராவீஹ் முடிஞ்சு வந்து ஒரு பிடி. இது எங்கட அலட்சியம் என்று ஒரு முறை மாமியே பேசினா: "நோன்பு நமக்குத்தான் ஃபர்ளு, அதுக்கில்ல." பிறகு பகலிலும் வைக்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாள்தான் ஆகப் பெரிய சோதனை. உழ்ஹிய்யா அறுக்கிற வளவுகளைத் தேடி வட்டையிலிருந்தும், அடுத்த ஊர்களிலிருந்தும் நாய்க்கூட்டம் இறங்கும். குடலையும் கழிவையும் ஆழமாகப் புதைக்காத வளவில் ராவெல்லாம் சண்டை. அன்றைக்கு டொமியைச் சங்கிலியில்தான் போடுறது.

ஊருக்கு இவனால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறவங்களுக்கு: ஆள் வந்தால் கட்டையாக ரெண்டு குரைப்பு. கட்டாக்காலி மாடு வந்தால் சோம்பேறிக் குரைப்பு, எழும்பாமலே. ஆனைக்குத்தான் தனிச் சத்தம். அறுவடை முடிஞ்ச காலங்களில் சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர் வயல் பக்கமாக ஆனை இறங்குறது இப்ப செய்தியே இல்லை என்கிற அளவுக்கு வழமையாயிட்டுது. ஆனை மணம் பட்டால் டொமி விடாமல் குரைப்பான். குரைச்சுக்கொண்டே பின்னால பின்னால வந்து, கடைசியில் என்ட மோட்டார் சைக்கிளுக்குக் கீழ நின்று குரைப்பான். வீரம் என்று சொல்ல ஏலாது. ஆனால் அந்தச் சத்தத்தில் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டிலும் லைட் எரியும், ஆனை வெடி வச்சிருக்கிறவர் வெளியே வருவார், வாழைக்குப் போகிற சேதம் வேலியோட நிற்கும். நாய் வச்சிருக்கீங்களாமே என்று கேட்ட அயல்வீட்டுக்காரர் இப்ப, "உங்கட நாய் ராவு குரைக்கலியே, சுகமில்லையா?" என்று கேட்கிறார்.

காரைதீவில் எனக்கு ஒரு கூட்டாளி. சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். அவன்ட வீட்டில் நாய் கதிரையில் ஏறிப் படுக்கும். என்ட வளவுக்கு வந்து பார்த்துட்டு, "மச்சான், உன்ட ஆளுக்கு உள்ளுக்கு வர விசா இல்லையா?" என்றான். "விசா இருக்குடா, வாசல் வரைக்கும்" என்றேன். சுபஹு பாங்குக்கு டொமி ஊளையிடுறதைப் பற்றி அவனிடம்தான் முதலில் கேட்டேன். எங்கட கரையில் ஒரு பள்ளியில் பாங்கு முடிய முந்தி அடுத்த பள்ளியில் தொடங்கும். அவ்வளவு நேரமும் இவன் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ஊளை. ஷைத்தானைக் காணுது என்பாங்க எங்கட ஆக்கள். ராவில் ஊளையிட்டால் யமன் வாறான் என்பாங்க காரைதீவில். கோயில் மணியோட சங்கு ஊதும்போது தன்ட நாயும் இதே வேலைதான் பார்க்குது என்றான் கூட்டாளி. அம்புலன்ஸ் சைரனுக்கும் அதேதான். நீட்டி இழுக்கிற சத்தம் கேட்டால் கூட்டத்துக்குப் பதில் குரல் கொடுக்கிறது ஓநாய்க் காலத்துப் பழக்கம். இதில் எங்கட நாய்க்கும் அவங்கட நாய்க்கும் வித்தியாசமில்லை.

இவ்வளவும் சிரிக்கிற பக்கம். இந்தப் பதிவை நான் எழுத வந்தது வேற ஒரு காரணத்துக்கு.

எங்கட ஊரில் நாய்க்குச் சோறு வைக்க ஆள் இருக்கு. மாட்டிறைச்சிக் கடைக்காரர் சவ்வு எறிவார், ஹோட்டல்காரர் கொத்துரொட்டி மிச்சத்தைக் கொட்டுவார், நாங்க எல்லாரும் குப்பைப் பையைக் கட்டித் தோணா ஓடைக் கரையில் போட்டுட்டு வந்துடுவோம். இந்தப் பக்கத்துக் குப்பை என்ன செய்யும் என்பது உலகத்துக்கே தெரியும். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று, எட்டு வருஷத்தில் இருபது ஆனையளவில் செத்ததை 2022 ஜனவரியில் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. ஆனைக்கே அந்தக் கதி; நாயோ அப்படிப்பட்ட குப்பையில்தான் குட்டி போட்டு வளருது. ஆக, சாப்பாடு போடுறது நாங்கதான். ஆனால் விசர்நாய்த் தடுப்பூசி போடுற நாள் வந்தால், அந்த நாய் யாருடையதும் இல்லை. "அது வட்டை நாய்." "அது காரைதீவுப் பக்கத்து நாய்." காரைதீவில் கேட்டால், "அது மாளிகைக்காட்டால வாற நாய்."

பெட்டைக் குட்டிகளின் கதை இதைவிட மோசம். பையில் போட்டு ராவோட ராவாக அடுத்த ஊர் எல்லையில் விடுறாங்க. அங்க உள்ளவங்க திருப்பி எங்கட எல்லையில் விடுறாங்க. எல்லை விஷயத்தில் எங்கட பகுதி எவ்வளவு உணர்ச்சிவசமானது என்று நாட்டுக்கே தெரியும். சாய்ந்தமருதுக்கு 2020 பெப்ரவரியில் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்து, சில நாளிலேயே அது நிறுத்தப்பட்ட கதையை இங்க சின்னப் பிள்ளையும் சொல்லும். இவ்வளவு எல்லை பார்க்கிற நாங்க நாய்க் குட்டி விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக ஒரே வேலையைச் செய்றோம்.

விசர்நாய்க்கடி இந்த நாட்டுக்குப் புதுசில்லை. அதுக்கென்று சட்டம் வந்தது 1893இல். நாயைப் பதியச் சொல்லி அடுத்த சட்டம் 1901இல். 1973இல் இலங்கையில் இந்த நோயால் 377 பேர் மௌத்தானாங்க. நாய்க்கும் மனுஷனுக்கும் தடுப்பூசி பரவப் பரவ அது வருஷத்துக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கிட்டுது. ஆனால் அந்த இருபது, முப்பதும் தடுக்கக்கூடியதுதான். அறிகுறி வந்த பிறகு இந்த நோய்க்கு மருந்து இல்லை. கடிச்சவுடன் ஊசி போட்டால் நோய் வராது. ஊசி அரசாங்க ஆசுபத்திரியில் சும்மா போடுறாங்க. 2006இலிருந்து தெரு நாயைப் பிடிச்சுக் கொல்றது நிறுத்தின கொள்கை. அப்ப மிஞ்சுறது ஒரே வழி, நாய்க்கு ஊசி போடுறது. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்குப் போட்டால் நோய் பரவுறது நின்றுவிடும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லுது. சொந்தக்காரர் இல்லாத நாயை யார் கயிற்றில் பிடிச்சுக்கொண்டு வருவது? எழுபது எங்க இருந்து வரும்?

எங்கட பக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. படிப்பிக்கிறவன் என்பதால் இது எனக்குத் தெரியும். நாய் நகம் பட்டால், பல் பட்டால், எங்கட பிள்ளைகள் வீட்டில் சொல்ல மாட்டாங்க. நாயிடம் ஏன் போனாய் என்று அடி விழும், உடுப்பைக் கழற்றி ஏழு தரம் கழுவணும், அயலுக்கெல்லாம் தெரியும். அதனால் காற்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு பேசாமல் இருப்பாங்க. என்ட வகுப்பில் ஒரு பொடியன் அப்படி ரெண்டு நாள் இருந்தான். கெண்டைக்காலில் சின்னக் கீறல்தான். கேட்டால் முள்ளுக் கம்பி என்றான். கூடப் படிக்கிறவன் சொல்லித்தான் வெளியே வந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டோம், நல்லா இருக்கிறான். அவன் பயந்தது நாய்க்கில்லை, உம்மாவுக்கும் வாளிக்கும்.

ஆகவே இதை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளிடம் ஒருக்காச் சொல்லி வையுங்க: நாய் கடிச்சால், கீறினால், புண்ணில் நக்கினால், ஏச மாட்டோம், உடனே வந்து சொல்லு. சொன்னவுடன் செய்ய வேண்டியது, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில் பதினைந்து நிமிஷம் கழுவுறது. காயத்தில் மண் போடாதீங்க. மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். பிறகு ஆசுபத்திரி. தஹாரத், அதாவது மார்க்கச் சுத்தம் பற்றின கேள்வியை ஊசி போட்டு வந்த பிறகு மௌலவியிடம் கேளுங்க. நான் கேட்ட மௌலவி, உயிரைக் காக்கிறதுதான் முந்தினது என்று ஒரே வசனத்தில் முடிச்சார். கடிச்ச நாயை அடிச்சுக் கொல்லவும் வேண்டாம். ரெண்டு கிழமைக்கு அது உயிரோட சுகமாக இருக்குதா என்று பார்க்கிறது டொக்டருக்கு உதவும்.

போன முறை ஊசி போடுற நாளைக்கு ஓட்டோவில் லவுட்ஸ்பீக்கர் கட்டி அறிவிச்சாங்க. நான் டொமியைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போனேன். மனிசியும் கூட வந்தா, பத்தடி தள்ளி, அவனை இன்னாரென்று தெரியாத மாதிரி. ஊரின் சனத்தொகைக்கு அங்க வந்திருந்த நாய்கள் ஒரு மர நிழலுக்குள் அடங்கிட்டுது. ஊசி ஒரு நொடி. டொமி திரும்பிக்கூடப் பார்க்கல்ல. பிறகு அட்டை நிரப்பினவர் கேட்டார்: "சொந்தக்காரர் பேர்?"

நான் மனிசியைப் பார்த்தேன். பழக்கம் அப்படி, இந்த விலாசத்தில் எந்தத் தாளில் எந்தப் பேர் எழுதுறதென்றாலும் அவவைத்தான் கேட்கிறது. அவ யோசிக்கவே இல்லை. "அவர்ட பேரை எழுதுங்க. வீடுதான் என்ட, நாய் அவர்ட."

எழுதிட்டார். அந்த வளவில் என்ட பேரில் உள்ள முதல் சொத்து அதுதான். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காணி உறுதி இருக்கிற அதே அலுமாரியில் வச்சிருக்கிறேன். அதில் என்ட பேர் எழுதின பிறகு சில விஷயங்கள் தானாக மாறினது. வருஷா வருஷம் ஊசித் திகதி என்ட தலையில். அவன் ஒழுங்கையில் யாரையாவது விரட்டினால் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். குட்டி போடுகிற பெட்டைகள் பெருகாமல் இருக்க அவனுக்குச் செய்ய வேண்டிய கருத்தடைச் சத்திரசிகிச்சையைக் கால்நடை வைத்தியரிடம் செய்விச்சது என்ட செலவு. அட்டையில் ஒருத்தர்ட பேர் ஏறினால்தான் நாய்க்கு ஒரு விலாசம் கிடைக்குது, ஊருக்கும் கேட்கிறதுக்கு ஒரு ஆள் கிடைக்குது.

நாயை வீட்டுக்குள்ள எடுங்க என்று நான் யாரையும் கேட்கல்ல. எங்கட வீட்டிலும் அது வாசலோட நிற்குது. மாமி இருக்கும் வரைக்கும், அதுக்குப் பிறகும், அப்படித்தான் இருக்கும். நாயே வேணாம் என்கிறவங்களோட எனக்குச் சண்டையும் இல்லை. ஆனால் உங்கட வாசலில் ஒரு நாய் படுக்குது, நீங்க மீன் தலை போடுறீங்க, பிள்ளைகள் அதுக்கு ஒரு பேரும் வச்சிட்டாங்க என்றால், அது உங்கட நாய்தான். அடுத்த முறை லவுட்ஸ்பீக்கர் கட்டின ஓட்டோ ஒழுங்கைக்குள்ள வரும்போது ஒரு கயிறு எடுங்க, கூட்டிக்கொண்டு போங்க. சொந்தக்காரர் பேர் என்று கேட்டால் உங்கட பேரைச் சொல்லுங்க.